சைக்கிள் கற்றது மனத் துணிவாலா, வாய்த்த சூழலாலா?

செம்மண்:
நம்மை நாமே உருவாக்கிக்கொள்ள முடியுமா என்று யார் கேட்டாலும் எனக்குப் புதுக்கோட்டைப் பெண்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். 1991-இல் அம்மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபின், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கீரனூர்ப் பக்கம் வாழ்ந்த என் அத்தைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஊர்ப் பொட்டலில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டே கற்றார். "இந்த வயதில் உனக்கு எங்கே வரப்போகிறது" என்று வீட்டார் சொன்னபோது, வரும் என்று முடிவெடுத்தவர் அவர்தாம். திறமை என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டதன்று, பயிற்சியால் வளரக்கூடியது என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் கேரல் டுவெக் 'வளர்ச்சி மனப்பாங்கு' என்று பெயரிட்டார். அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே அத்தை அதை வாழ்ந்து காட்டினார்.

வரப்புமேடு:
உங்கள் அத்தை மீது எனக்கு மதிப்பு உண்டு. நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 1990-இலும் அதே அத்தைதானே இருந்தார்? ஒரு மாவட்டத்தில் இத்தனை பேர் ஒரே காலத்தில் மாறினார்கள் என்றால், மாறியது தனித்தனி மனங்களா, அவர்களைச் சுற்றியிருந்த உலகமா? ஷீலா ராணி சுங்கத் என்ற அன்றைய மாவட்ட ஆட்சியர் துணை நின்றார். அறிவொளிப் பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. கேலி பேசியவர்களை எதிர்கொள்ளக் கூட்டம் இருந்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியிருந்தது தெரிந்தது. அச்சிறுமியருக்கு யாரும் மனப்பாங்கு வகுப்பு எடுக்கவில்லை. (எங்கள் அலுவலகத்திலோ, ஆள் போதவில்லை என்று சொன்னால் அந்த வகுப்புக்குத்தான் அனுப்புகிறார்கள்.)

வழிப்போக்கன்:
இருவரும் ஓர் ஆய்வைக் கவனிக்கலாம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரைக் கொண்டு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். டுவெக்கும் அக்குழுவில் ஒருவர். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரியை, 4 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 0.1 புள்ளி உயர்த்தியது. அதுவும், கடினமான பாடத்தை விரும்பி எடுப்பதை உடன்படிக்கும் மாணவர்கள் ஏளனம் செய்யாத பள்ளிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

செம்மண்:
சிறிய பலன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூழலே எல்லாம் என்றால் இதற்கு விடை சொல்லுங்கள், வரப்புமேடு. அதே தெரு, அதே தொண்டர், அதே பழைய வண்டி. அத்தையோடு தொடங்கிய மூன்று பெண்கள் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டார்கள். அத்தை மட்டும் விடவில்லை. கதவைத் திறந்து வைத்தது இயக்கம் என்பதை மறுக்கவில்லை. உள்ளே காலெடுத்து வைத்தவரின் முடிவையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவது நியாயமா?

வரப்புமேடு:
அந்த மூவர் ஏன் விட்டார்கள் என்று கேட்டீர்களா? கைக்குழந்தை இருந்திருக்கலாம், கணவர் தடுத்திருக்கலாம், மறுநாள் கூலிக்குப் போக முடியாதபடி அடிபட்டிருக்கலாம். விடாமல் நின்றவரின் மன உறுதியைப் புகழும்போது, விட்டவர்களுக்கு அது இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். என் மறுப்பெல்லாம் அந்த இடத்தில்தான்.

செம்மண்:
நேற்றிரவு அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். ஒருவருக்குக் கைக்குழந்தை, உங்கள் ஊகம் சரிதான். இன்னொருவர் ஏன் வரவில்லை என்பது அத்தைக்கு நினைவில்லை. மூன்றாமவரை மாமியார் தடுத்தாராம். பல ஆண்டுகள் கழித்து, மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த இலவசச் சைக்கிளில், விடியுமுன் யாரும் பார்க்காத நேரத்தில் அவர் தனியாகவே ஓட்டப் பழகிக்கொண்டாராம். வண்டி அரசு கொடுத்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த விடியற்காலையை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்பேன்.