எங்கட தோட்டம் (குடும்பக் குழு)

சுதா: [படம்] [படம்] [படம்]

சுதா: எல்லாருக்கும் காலை வணக்கம். மரத்துக்குக் கீழயும் வேலிக் கரையிலயும் இது முளைச்சுப் பூத்திருக்கு. வீட்டில முந்தி இருந்த ஆக்கள் வைச்சதாய் இருக்கும். ஸ்னோட்ரொப் எண்ட சின்ன வெள்ளைப் பூ எண்டு தெரியும், ஆனா எல்லாம் ஒரே சாதி மாதிரித் தெரியேல்ல. மங்கை பெரியம்மா, பாத்துச் சொல்லுங்கோவன்.

கபிலன்: செடிப் பேர் சொல்லுற ஆப்பில போட்டுப் பாத்தன் அக்கா. மூண்டு படத்துக்கும் "கலாந்தஸ் நிவாலிஸ்" எண்டுதான் சொல்லுது. கேஸ் முடிஞ்சுது 😄

மங்கை பெரியம்மா: தொங்கிற வெள்ளைப் பூவைக் கண்டால் ஆப் அப்பிடித்தான் சொல்லும் கபிலன்.

மங்கை பெரியம்மா: சுதா, பூப் படம் காணும். இலை நிலத்தை விட்டு வெளிக்கிடுற இடத்தைக் கிட்டப் பிடிச்சு எடுத்து அனுப்பு பிள்ளை. ரெண்டு இலையும் அடியில எப்பிடிச் சேர்ந்திருக்கெண்டு பாக்கவேணும்.

ரஞ்சன் மாமா: பூவைப் பாத்துச் சாதி சொல்லாமல் அடியைப் பாத்தோ அக்கா?

மங்கை பெரியம்மா: ஓம் தம்பி. உள் இதழில இருக்கிற பச்சை அடையாளம் ஒரே சாதிக்குள்ளயே கண்டுக்குக் கண்டு மாறும். அதை வைச்சுப் பெயர் சொல்ல வெளிக்கிட்டால் சண்டையிலதான் முடியும். இலை அடி அப்பிடி லேசில ஏமாத்தாது.

சுதா: [படம்] இது மரத்தடியில நிக்கிறது

மங்கை பெரியம்மா: வடிவாய்த் தெரியுது. ஒடுக்கமான இலை, நீலம் கலந்த பச்சை. ரெண்டும் கைகூப்பின மாதிரி ஒண்டுக்கு நேர் ஒண்டாய் ஒட்டி வருது. உள் இதழ் நுனியில தலைகீழான ஒரு V. இது நிவாலிஸ்தான். இதில மட்டும் ஆப்புக்கு முழுப் புள்ளி.

சுதா: [படம்] இது கொஞ்சம் உயரம். பூவும் பெரிசு.

மங்கை பெரியம்மா: இலையைப் பார். ரெண்டு விரல் அகலம், சாம்பல் பூத்த நிறம். முக்கியமாய், ஒரு இலை மற்ற இலையை அடியில சுத்திப் போர்த்திக்கொண்டு வருது. இது எல்வெசியை எண்ட சாதி. பூவை மெல்ல நிமித்தி உள்ளுக்குப் பார், நுனியில ஒரு பச்சை, அடியில இன்னொரு பச்சை இருக்கோ?

சுதா: இருக்கு! ஒரு பூவில ரெண்டும் சேர்ந்து X மாதிரி வந்திருக்கு.

மங்கை பெரியம்மா: அதுவும் எல்வெசியைதான். நுனியில ஒரு அடையாளம் மட்டும் வாற எல்வெசியையும் இருக்கு. அதாலதான் இலை, இலை எண்டு கத்துறன். துருக்கிப் பக்கத்துச் சாதி. ஹென்றி ஜோன் எல்வெஸ் எண்டவர் 1874 இல இப்பத்தைய இஸ்மிருக்குக் கிட்டக் கண்டெடுத்தவர். நிவாலிஸை விட வெயில் தாங்கும்.

சுதா: [படம்] இது வேலிக்குக் கிட்ட. இலையில நீலமே இல்லை, பளபளவெண்டு நல்ல பச்சை.

மங்கை பெரியம்மா: இலை அகலம், அடியில சுத்தியிருக்கு, நுனியில ஒரு சின்னப் பச்சைப் புள்ளி மட்டும். வோரோனோவி. கோகேசஸ் மலைப்பக்கம் இதின்ர ஊர். கடையில மலிவாய்ப் பையில வாற காய்ஞ்ச கிழங்கில கனக்க இதுதான். ஒரு காலத்தில ஜோர்ஜியாவில இருந்து மட்டும் வருசத்துக்கு ஒன்றரைக் கோடிக் கிழங்கு வரைக்கும் ஏற்றுமதி செய்ய அனுமதி இருந்தது.

கபிலன்: அப்ப பக்கத்துக் காட்டில கொள்ளையாய்ப் பூத்திருக்கே, நாலைஞ்சு கிண்டிக்கொண்டு வந்தால் என்ன?

மங்கை பெரியம்மா: கையை வைச்சிடாதை! ஸ்னோட்ரொப் முழுக் குடும்பமும் அழியக்கூடிய செடி, விலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தின்ர இரண்டாம் பட்டியலில இருக்கு. நாடு விட்டு நாடு கொண்டுபோறதெண்டால் கடுதாசி வேணும். காட்டில கிண்டிறதுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் வேற. உனக்கு வேணுமெண்டால் சுதாட்டைக் கேள், அவளிட்டக் குவிஞ்சு கிடக்கு.

ரஞ்சன் மாமா: சும்மா குடுக்காதை சுதா. 2022 இல இணைய ஏலத்தில "கோல்டன் டியர்ஸ்" எண்ட ஒற்றைக் கிழங்கு 1850 பவுணுக்குப் போனது தெரியுமோ? பச்சை வரவேண்டிய இடத்தில மஞ்சளாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுதா: ஐயோ மாமா, நான் இப்பவே டோர்ச் அடிச்சு மஞ்சள் தேடப் போறன் 😂

மங்கை பெரியம்மா: பெயர் வைச்ச ரகம் மட்டும் 2000 வகைக்கு மேல இருக்கு. அதில பாதிக்கு வித்தியாசம் சொல்லப் பூதக்கண்ணாடி வேணும். எனக்கெண்டால் பழைய "எஸ். ஆர்னட்" ஒண்டு போதும். நல்ல உயரம், கெதியாய்ப் பெருகும், வெயில் பட்டால் தேன் வாசம் வரும்.

வாசுகி: பெரியம்மா, என்ரை தோட்டத்திலயும் பாருங்கோ. [படம்]

மங்கை பெரியம்மா: வாசுகி, ஆறு இதழும் ஒரே நீளம். ஆறின்ர நுனியிலயும் பச்சைப் பொட்டு. ஸ்னோட்ரொப் எண்டால் வெளியில மூண்டு நீளம், உள்ளுக்கு மூண்டு கட்டை. உன்ரது ஸ்னோஃப்ளேக், லூகோயம். சொந்தக்காரர்தான், வேற வீடு.

வாசுகி: அப்ப இவ்வளவு நாளும் பொய்ப் பேரோட நிண்டிருக்கு 😅 போன மாரிக்கு முதல் நானும் ஸ்னோட்ரொப் கிழங்கு ஒரு பை வாங்கித் தாட்டனான், ரெண்டு மூண்டுதான் வந்தது.

மங்கை பெரியம்மா: காய்ஞ்ச கிழங்கு அப்பிடித்தான். நாள்க்கணக்காய்க் கடையில கிடந்தால் உள்ளுக்கு வத்திப்போகும். பூ முடிஞ்சு இலை பச்சையாய் நிக்கேக்க பிடுங்கி நடுறதுதான் நல்லம். சுதா, நீயும் அப்பதான் பிரிக்கவேணும்.

சுதா: எப்பிடிப் பிரிக்கிறது? மரத்தடியில நெருக்குப்பட்டு நிக்குது, நடுவில நிக்கிறதுகளில பூவே இல்லை.

மங்கை பெரியம்மா: நெருக்கம் கூடினால் பூ குறையும், அப்ப பிரிக்கத்தான் வேணும். மண் கிண்டுற முள்ளுக் கரண்டியைக் குவியலுக்குத் தள்ளி ஆழமாய் விட்டு முழுக் குவியலையும் தூக்கு. கையால உதறிப் பிரி, வேரை அறுக்காதை. மூண்டு நாலாய்ச் சேர்த்து நடு, தனித் தனியாய் வேண்டாம். ஒவ்வொரு தண்டிலயும் அடி வெள்ளையாய் இருக்கும், மேல பச்சை. வெள்ளை முடிஞ்சு பச்சை தொடங்கிற கோடுதான் முந்தி மண் நிண்ட மட்டம். அந்தக் கோடு வரைக்கும் மண்ணுக்குள்ள தாட்டு விடு. உக்கின இலைச் சருகு கலந்து, உடன தண்ணி விடு.

மங்கை பெரியம்மா: இன்னொண்டு. இலை தானாய் மஞ்சளாகிற வரைக்கும் வெட்டாதை, முடியாதை. வாற வருசப் பூவுக்கான சாப்பாடு அந்த இலையிலதான் தயாராகுது.

ரஞ்சன் மாமா: புல்லு வெட்டுற மெசினை ஒளிச்சு வையுங்கோ. மருமோன் ஒரு பக்கத்தால சரிச்சுக்கொண்டு போவார்.

கபிலன்: மெசேஜ் பாத்திட்டன் மாமா.

சுதா: சின்னவன் கிழங்கைக் கிண்டி எடுத்து "அம்மா, சின்ன வெங்காயம்" எண்டு குசினிக்குள்ள கொண்டு வந்து வைச்சிட்டான்.

மங்கை பெரியம்மா: உடன எடுத்து எறி! கையைக் கழுவச் சொல்லு. நஞ்சு அது. சத்தி, வயித்தோட்டம் வரும். வாயில வைச்சவனோ?

சுதா: இல்லை, கழுவிக்கூட இல்லை. எறிஞ்சிட்டன்.

வாசுகி: அதுக்குள்ள இருக்கிற கலன்டமின்தானே மறதி நோய்க்குக் குடுக்கிற மருந்து? எங்கட வாட்டில பாத்திருக்கிறன்.

மங்கை பெரியம்மா: ஓம், 1950களில வோரோனோவிக் கிழங்கில இருந்துதான் முதல் பிரிச்செடுத்தவை. இப்ப டஃபடிலில இருந்தும் எடுக்கினம். அதுக்காக ஆரும் கிழங்கை அவிச்சுக் குடிக்க வேண்டாம். முக்கியமாய் ரஞ்சன்.

ரஞ்சன் மாமா: எனக்கு ஞாபக சக்திக்கு ஒரு குறையுமில்லை.

சுதா: கடைசியாய் ஒண்டு பெரியம்மா. [படம்] இது தனிய நிக்குது. இலை விளிம்பு பின்பக்கமாய் மடிஞ்சிருக்கு. ஆனா முழுக்க இல்லை, அங்கங்க மட்டும்.

மங்கை பெரியம்மா: முழு நீளத்துக்கும் மடிஞ்சால் ப்ளிகேட்டஸ், கிரிமியாப் பக்கத்துச் சாதி. அரைகுறையாய் மடிஞ்சால் ப்ளிகேட்டஸும் நிவாலிஸும் கலந்ததாய் இருக்கும். பக்கத்தில பக்கத்தில நிண்டால் தேனி கலந்துவிடும், விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில போடும். பின்னேரம் வெளிச்சம் சரிய முதல் இலையின்ர ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்பு.

ரஞ்சன் மாமா: பெயர் தெரியாத கலப்பெண்டால் அது எனக்கு. மற்றவை கேக்க முதல் சொல்லிப் போட்டன்.

சுதா: ஒற்றைக் கண்டு மாமா! பெருகட்டும். மரத்தடி நிவாலிஸ் வேணுமெண்டால் பூ முடிய வாங்கோ, முள்ளுக் கரண்டியும் நீங்கள்தான் பிடிக்கவேணும்.