மேலாளரும் அக்காவும்

பணியிடத்தில் மனிதர்களை நிர்வகிப்பதும் அவர்களை வழிநடத்துவதும் வேறு வேறு என்பதை, நான் வேலை பார்த்த கிடங்கில், ஒரே மாற்றத்தின்போது இருவரிடம் கண்டேன்.

எங்கள் மேலாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. யாருக்கு எப்போது விடுப்பு, ஆள் குறைந்தால் அந்த இடத்தில் யார் என்பதெல்லாம் அவர் முன்கூட்டியே ஒட்டிவிடும் ஷிப்ட் அட்டவணையில் இருக்கும். நிர்வாகத்தை இரண்டாந்தர வேலைபோலப் பேசுகிறவர்கள், அது சரியில்லாத இடத்தில் ஒரு மாதம்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இருப்புப் பதிவேடுகளை விட்டுக் கணினிக்கு மாறுவது என்று முடிவானபோது, பயிற்சி நாள், மாறும் தேதி, பொறுப்பாளர்கள் என அனைத்தையும் அவர் ஒழுங்காகத் திட்டமிட்டார். எல்லோரும் பயிற்சிக்கு வந்தார்கள், கையெழுத்தும் இட்டார்கள். ஆனால் தேதி கடந்த பிறகும் பலர் பழைய நோட்டில் எழுதிவைத்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் மொத்தமாகக் கணினியில் ஏற்றினார்கள். அதனால் திரையில் தெரிந்த இருப்பும் அடுக்கில் இருந்த இருப்பும் பகல் முழுவதும் பொருந்தவில்லை. மேலாளர் சுற்றறிக்கை அனுப்பினார். நோட்டுகள் இழுப்பறையில் இன்னும் உள்ளே போயின.

எந்தப் பதவியும் இல்லாத மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார்; எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. ஒவ்வொருவர் அருகிலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நோட்டை விட ஏன் மனசு வரல?" என்று கேட்டார். அதட்டல் இல்லாத கேள்வி என்பதால் பதில் வந்தது. நோட்டில் பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்திவிடலாம். கணினியிலோ யார், எத்தனை மணிக்குத் தவறாகப் பதிந்தார் என்பது பெயரோடு தங்கிவிடும், ஆண்டு மதிப்பீட்டில் அது எதிராக வந்து நிற்கும் என்ற பயமே காரணம். அக்கா அதை நேரே மேலாளரிடம் கொண்டுசென்று, முதல் காலாண்டின் பதிவுப் பிழைகள் மதிப்பீட்டில் சேராது என்று எழுத்தில் வாங்கி வந்தார். பிறகு தம் பதிவில் நேர்ந்த பிழையையே அனைவர் முன்னும் திரையில் காட்டித் திருத்தினார். அதன் பிறகுதான் நோட்டுகள் குறையத் தொடங்கின.

பல பகுதிகள் பின்னிக் கிடக்கும் சிக்கல்தன்மையைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை என்று நிர்வாகவியல் அறிஞர் ஜான் காட்டர் 1990-இல் பிரித்துக் காட்டினார். எங்கள் கிடங்கில் நடந்ததற்கு அந்தப் பிரிவு பெரும்பாலும் பொருந்துகிறது. ஆயினும் அக்கா கண்டறிந்த பயம் மேலாளரின் கையெழுத்து இல்லாமல் நீங்கியிருக்காது. பின்னாளில் மேற்பார்வைப் பொறுப்பு தம்மிடம் வந்தபோது, ஷிப்ட் அட்டவணையை மட்டும் மேலாளரிடமே விட்டுவைக்க வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டார். நிறுவனமும் அதற்கு இசைந்தது.