நீல வாழைப்பழம் நிஜமா? காட்டுப் பழங்களில் நீலம் உண்டா?

மாடித்தோட்டக்காரன்:
வணக்கம். விதை விற்கும் ஒரு இணையதளத்தில் நீல வாழைப்பழம் என்று படம் போட்டிருக்கிறார்கள். தோல் நீலம், உரித்தால் உள்ளேயும் நீலம். 'காட்டு ரகம், ஐஸ்கிரீம் சுவை, பத்து விதை' என்று விளம்பரம். பணம் கட்டுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். நிஜமாகவே நீல நிறத்தில் பழம் உண்டா? காட்டுப் பழங்களில் இதுபோல விசித்திரமான நிறமோ சுவையோ உள்ளவை எவை?

விதைப்பித்தன்:
வாங்காதீர்கள். அவர்கள் சொல்வது புளூ ஜாவா. அது காட்டு ரகமே இல்லை, இரண்டு வாழை இனங்கள் கலந்த பயிர் ரகம். காயாக இருக்கும்போது தோலில் படியும் மெழுகால் வெள்ளி கலந்த நீலமாகத் தெரியும். பழுத்தால் இளமஞ்சள், உள்ளே வெள்ளை. படத்தில் இருப்பது கணினியில் பூசிய நிறம். அதைவிட வேடிக்கை, அந்த வாழையில் விதையே கிடையாது. பக்கக்கன்றோ திசு வளர்ப்புக் கன்றோதான் வைக்க வேண்டும். பத்து விதை எங்கிருந்து வந்தது?

அசல் நீலம் வேண்டுமா? உருத்திராட்சப் பழத்தைப் பாருங்கள். மணியைப் பார்த்தவர்கள் எல்லாரும் பழத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிது, கண்ணைப் பறிக்கும் நீலம். அந்தத் தோலை நசுக்கினால் கையில் நீலம் ஒட்டாது, ஏனென்றால் அதில் நீலச் சாயமே இல்லை. தோல் செல்களில் உள்ள மிக நுண்ணிய அடுக்குகள் நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். டேவிட் லீ என்ற தாவரவியலாளர் 1991-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார். நாவல் பழத்தின் கருநீலம் வேறு கதை. அது அந்தோசயனின் என்ற சாயம், அதனால்தான் நாக்கில் ஒட்டுகிறது.

சுவை? நகத்தால் நீலத் தோலைக் கீறினால் கீழே பச்சையாக ஒரு மெல்லிய சதை, புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். அதற்குக் கீழே உடனே கொட்டை தட்டும். நீலம் நமக்காக வந்ததில்லை, விழுங்கிக் கொட்டையைத் தூரமாகப் போடும் பறவைகளுக்காக வந்தது. ஆஸ்திரேலிய மழைக்காட்டில் காசோவரி இதை முழுசாக விழுங்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும் காட்டுப் பழங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். கொட்டை பெரிது, சதை கொஞ்சம்.

காட்டுநெல்லி:
நிறத்தை விடுங்கள், சுவையில்தான் அதிசயம். மேற்கு ஆப்பிரிக்காவின் மிராக்கிள் பழம் சின்னச் சிவப்புப் பழம், தனியாகத் தின்றால் சப்பென்று இருக்கும். சதையை நாக்கு முழுக்கப் புரட்டிவிட்டு எலுமிச்சையைக் கடித்தால் இனிக்கும். அதிலுள்ள மிராக்குலின் என்ற புரதம் இனிப்பை உணரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், வாயில் புளிப்பு பட்டதும்தான் வேலை செய்யும். தண்ணீர் குடித்தால் ஒன்றும் நடக்காது. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விளைவு அரை மணிக்கு மேல் நிற்கும். காய்ச்சினால் போய்விடும்.

அப்புறம், போர்னியோ காடுகளில் சிவப்புச் சதை உள்ள துரியன் உண்டு. தித்திப்பு குறைவு, வெண்ணெய்போல வழவழப்பு. துரியன் நாற்றம் என்று ஓடுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

மாடித்தோட்டக்காரன்:
நன்றி இருவருக்கும். பணம் தப்பித்தது. விதையிலிருந்து, தொட்டியில் வளர்க்க ஏதாவது சொல்லுங்களேன். நிறமும் வேண்டும்.

விதைப்பித்தன்:
இளஞ்சிவப்பு வாழை. மூசா வெலுட்டினா என்று தேடுங்கள், வடகிழக்கு இந்தியக் காடுகளைச் சேர்ந்தது. ஆள் உயரம்தான் வளரும், பெரிய தொட்டி போதும். விரல் நீளப் பழம், தோல் முழுக்க மெல்லிய ரோமம், பழுத்ததும் தானே உரிந்து வெள்ளைச் சதையைக் காட்டும். இனிப்பாகவே இருக்கும், ஆனால் கறுப்பு விதைகள் கல் மாதிரி. அழுத்திக் கடித்தால் பல் போகும். விதையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் போடுங்கள், முளைக்கத் தாமதமானாலும் தோண்டிப் பார்க்காதீர்கள்.

மிராக்கிள் பழத்துக்கு ஆசைப்பட்டால் காய்ந்த விதை வாங்க வேண்டாம், முளைக்காது. கன்றாக வாங்குங்கள். அமிலத்தன்மை உள்ள மண் இல்லாவிட்டால் இலை மஞ்சளாகிவிடும்.