புதுப்பிப்பு: யாளி எந்த அட்டவணையில் வரும்?

போன வாரம் கேட்டிருந்தேன்: என் கதையில் உதகையில் இயங்கும் மாய உயிரினக் கட்டுப்பாட்டுத் துறை, முக்கூர்த்திப் புல்வெளியில் பிடிபட்ட யாளியை எப்படிப் பதிவு செய்யும்? பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிரினங்களைப் பட்டியலிடும் அட்டவணைகள் ஆறு என்று எழுதியது என் பிழை; 2022 திருத்தத்தில் அவை நான்காகிவிட்டன. வரையாடு இருக்கும் முதல் அட்டவணையிலேயே யாளியையும் சேர்த்துவிட்டேன்.

சிக்கல் படிவத்தில்தான். ‘இனம்’ என்ற கட்டத்தில் எழுத்தர் ‘சிங்கம்’ என்று எழுதுகிறார். துதிக்கையைப் பார்த்ததும் அடித்துவிட்டு ‘யானை’ என்கிறார். அதற்குள் தேநீருக்கு வைத்திருந்த வர்க்கி நான்கையும் துதிக்கை வாரிக்கொள்கிறது. (கோயில் தூணில் நிற்கும்போது இந்தப் பசி தெரிவதில்லை.)

விளக்கம் கேட்டுக் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது. யாளி ஜீப் கொட்டகையில் காத்திருக்கிறது.