மறு: கிக்பேக்குக்குத் தமிழ் – 'நுனியெகிறல்'

அனைவருக்கும் வணக்கம்.

மரம் அறுக்கும் மிஷினான செயின்சா பற்றிய நம் கையேட்டில், அறுக்கும்போது அது திடீரென்று நம் மேல் எகிறுவதை, அதாவது 'கிக்பேக்'கை, எப்படித் தமிழில் சொல்வது என்பதுதான் கேள்வி. ஐயா முன்வைத்த 'பின்னுதைப்பு' துப்பாக்கிக்கு நன்றாகப் பொருந்தும். செயின்சாவுக்கு அதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. படிக்கிறவர் தவறான ஆபத்துக்குத் தயாராகிவிடுவார்.

மிஷினிலிருந்து முன்னால் நீளும் தகட்டைத்தான் பட்டை என்கிறோம். செயின், பட்டையின் மேல் விளிம்பில் நுனியை நோக்கி ஓடி, சுற்றி, கீழ் விளிம்பு வழியாக மிஷினுக்குத் திரும்புகிறது. அதனால் கீழ் விளிம்பால் அறுத்தால் மிஷின் மரத்தை நோக்கி இழுபடும். மேல் விளிம்பால் அறுத்தால் நேராக நம் பக்கம் தள்ளும். 'பின்னுதைப்பு' என்றதும் இந்தத் தள்ளல்தான் நினைவுக்கு வரும். காலை ஊன்றி நின்றால் அதைச் சமாளித்துவிடலாம். கிக்பேக் அப்படியில்லை. நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் செயினின் பல் அதில் சிக்கி நிற்கும். செயினின் வேகம் முழுக்கப் பட்டையைத் தூக்கி, வளைத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் கொண்டுவரும். சுதாரிக்க நேரமே கிடையாது.

எங்கள் பக்கம், மணலி, எண்ணூர் ஓரங்களில் வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) வெட்டுகிறவர்கள் 'மூக்கு பட்டா எகிறிடும்' என்பார்கள். மூக்கு என்பது பட்டையின் நுனி. காரணமும் விளைவும் மூன்றே சொல்லில் வந்துவிட்டது பாருங்கள்! வேலிகாத்தான் ஒரே தூரில் பல தண்டுகளாகக் கிளைத்து நிற்கும். ஒன்றை அறுக்கும்போது நுனி பின்னால் இருக்கும் தண்டில் போய் இடிக்கும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சவுக்குத் தோப்பில் நெருக்கம் குறைக்க நடுநடுவே மரம் எடுக்கும்போதும் இதே நிலைதான். ஆகவே என் பரிந்துரை 'நுனியெகிறல்'. எங்கே தொடங்குகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

கொச்சை என்று சிலர் தயங்கலாம். ஆனால் இந்தக் கையேடு முதல் மிஷின் வாங்குகிறவருக்கானது. கடையில் பலரும் பெரிய பட்டையைத்தான் கேட்கிறார்கள். 6 அங்குல மரத்துக்கு 12 அல்லது 14 அங்குலப் பட்டையும் 35 சிசி அளவு எஞ்சினும் தாராளம். பட்டை நீள நீள, நுனி எதில் படுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. 'நுனியெகிறல்' என்று படித்தவர் அந்த இடத்தில் சட்டென்று யோசிப்பார். 'எகிறல் குறைந்த செயின்' என்று கேட்டு வாங்கவும் முடியும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு திமிலை அளவுக்கு மீறி அரத்தால் தேய்த்தால் எகிறல் கூடும் என்பதையும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

நம் சொற்பட்டியலில் செயின் பிரேக்கை 'எகிறல் தடுப்பு' என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். பட்டை எகிறியதும், முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் முன்காப்பு இடது மணிக்கட்டில் பட்டோ, அதிர்ச்சியிலோ செயினை நிறுத்துவதுதான் அதன் வேலை; எகிறுவதை அது தடுக்காது. பிரேக் இருக்கிறதே என்று கட்டைவிரலால் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல், மேலேயே விட்டு ஒருவர் அறுக்கத் தொடங்கினால் அந்தப் பழி நம் சொல்லுக்கு வரும். 'செயின் பிரேக்' என்றே இருக்கட்டும். அது இல்லாத மிஷினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதிவிடுவோம்.

இழுவை, தள்ளல், நுனியெகிறல் மூன்றையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கலாமா? மறுப்பிருந்தால் எழுதுங்கள்; அப்புறம் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து