ஸ்பின்னேக்கர் ஏறியிருக்கும்போது மெயின்ஷீட்டை விடலாமா?

நீரோடி கச்சான்:
கேட்டமரான், அதாவது ரெண்டு ஹல் (படகு உடம்பு) சேர்த்த பாய்ப்படகு பத்தி ஒரு வீடியோ சுத்திட்டு இருக்கு. "கேட்டமரான் ரேஸில் காத்து திடீர்னு ஏறினா யோசிக்காதே, மெயின்ஷீட்டை மொத்தமா விட்டுரு"ங்கிறார் ஒருத்தர். மெயின்ஷீட்னா பெரிய பாயான மெயினை இழுத்துப் பிடிக்கிற கயிறு. கீழே ஒரே கைதட்டல். காத்தோட போகும்போது முன்னால ஏத்துற உப்பல் பாய் ஸ்பின்னேக்கர். அது ஏறியிருக்கும்போது இதைச் செஞ்சு பாருங்க, மாஸ்ட் (பாய்க்கம்பம்) மிச்சம் இருக்காது. ஃபார்முலா 18 ரக கேட்டமரானில் பக்கவாட்டுக் கம்பி (ஷ்ரௌட்), முன்பக்கக் கம்பி (ஃபோர்ஸ்டே) எல்லாம் மாஸ்ட்டில் ஒரே உயரத்தில் வந்து சேருது. ஸ்பின்னேக்கர் அதுக்கும் மேலே இருந்து இழுக்குது. அந்த மேல்முனையைப் பின்னால பிடிச்சு நிறுத்துறது மெயின் பாயோட பின்விளிம்பு ஒண்ணுதான்.

குளச்சல் பாய்மரம்:
அப்போ ஷீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கவுந்து போகணுமாக்கும்! ஒத்தை ஹல் படகு காத்தடிச்சா சாயும், சாஞ்சா பாயிலிருந்து காத்து வழிஞ்சுரும். இது சாயாது. காத்து 15 நாட்டிலிருந்து (மணிக்கு 15 கடல்மைல்) 20 ஆச்சுன்னா பாயில் விசை 1.78 மடங்கு. அவ்வளவும் கம்பியிலும் ஹல்லுகளைச் சேர்க்கிற பீமிலும்தான் ஏறும். காத்துப்பக்க ஹல் தண்ணியை விட்டு எழும்பினதுமே படகோட கவுறாம தாங்குற சக்தி உச்சம், அதுக்கு மேலே இறங்குமுகம். விடாம என்ன ஓய் பண்ணுவீரு?

நீரோடி கச்சான்:
விடவே கூடாதுன்னு யார் சொன்னா? எதை விடணும்ங்கிறதுதான் பேச்சு. சுக்கானைப் பிடிச்சுப் படகைக் காத்தோட போற பக்கம் கொஞ்சம் திருப்பு. ஸ்பின்னேக்கர் ஷீட்டை முன்விளிம்பு சுருள்ற வரைக்கும் விடு, தள்ளுவிசை பாதி அங்கேயே செத்துரும். ரெண்டு பேரும் பின்பீம் பக்கம் ஓடு, இல்லேன்னா கீழ்ப்பக்க (காத்து தள்ளுற பக்க) ஹல்லோட மூக்கு தண்ணிக்குள்ள போயிரும். மெயின்ஷீட்டில் ஒரு முழம் தளர்த்து, போதும். மொத்தமா விடாதே.

தேங்காப்பட்டணம் 99:
எந்தப் படகைப் பத்திப் பேசுறீங்க அண்ணே? ஹோபி 16-ங்கிற கேட்டமரானில வழக்கமான ரேஸ் செட்டுக்கு ஸ்பின்னேக்கரே கிடையாதே.

குளச்சல் பாய்மரம்:
மாஸ்ட்டோட ரெண்டு பக்கமும் ஓடுற டயமண்ட் வயர் அழகுக்கா மாட்டியிருக்கு? மாஸ்ட்டை நிமிர்த்திப் பிடிக்கத்தானே?

நீரோடி கச்சான்:
டயமண்ட் வயர் எங்கே முடியுதுன்னு அண்ணாந்து பார்த்ததுண்டா? அது கீழ்ப்பாகம் வளையாம பிடிக்கும். ஒடியுறது மேல்பாகம். ரெண்டாவது தடவை சொல்றேன்: மேல்முனைக்கு மெயின் மட்டும்தான் பிடிமானம்.

குளச்சல் பாய்மரம்:
2013 மே 9, சான் ஃபிரான்சிஸ்கோ. அமெரிக்காஸ் கப் ரேஸுக்கான ஆர்ட்டெமிஸ் அணியோட ஏசி72 ரக கேட்டமரான் மூக்கு குத்திக் கவிழ்ந்து, அதில் இருந்த ஆண்ட்ரூ சிம்ப்சன் செத்தார். காத்தோட போற பக்கம் திருப்பும்போதுதானே நடந்தது? அதுக்கு முந்தின அக்டோபரில் ஆரக்கிள் அணியோட ஏசி72 கவிழ்ந்ததும் அதே திருப்பத்தில்தான். நீரு சொல்லித்தர்ற வைத்தியமும் அதேதான்!

நீரோடி கச்சான்:
அது காத்துக்கு எதிரா வந்துட்டு முழுசா திரும்புற கட்டம். பாதித் திருப்பத்தில்தான் விசை உச்சத்துக்கு ஏறும், அங்கே தயங்குறவன் மாட்டுவான். நான் சொல்றது ஏற்கெனவே காத்தோட போய்க்கிட்டிருக்கிற படகை. போதாததுக்கு ஏசி72-ல இருந்தது துணிப்பாய் இல்லை, விறைப்பான இறக்கை. மாம்பழத்தைக் கேட்டா மாங்கொட்டையை எண்ணுறீரு.

தூத்தூர் ஆழக்கடல்:
கட்டுமரத்தில் பாய் விட்ட ஊர்க்காரங்களுக்கு வீடியோ பார்த்தவன் பாடமா? காத்து ஏறினா கயிறை விடு, அவ்வளவுதான் சட்டம்.

நீரோடி கச்சான்:
கட்டுமரத்தில் கட்டைங்க ஒட்டியே கிடக்கும். ஃபார்முலா 18 அகலம் 2.6 மீட்டர். 180 கிலோ படகை, கீழ்ப்பக்க ஹல்லிலிருந்து படகு நடுவுக்குள்ள தூரம் 1.2 மீட்டரால் பெருக்கு, 216. ட்ரபீஸில் (மாஸ்ட்டிலிருந்து வர்ற கம்பியில் தொங்கி) வெளியே நிக்கிற ரெண்டு ஆள் 150 கிலோன்னு வை, கீழ்ப்பக்க ஹல்லிலிருந்து 3.4 மீட்டர், 510. படகைவிட ஆளுங்கதான் கவுறாம பிடிக்கிறாங்க. இந்தக் கணக்குக்குக் கட்டுமரத்தில் பதில் இருந்தா சொல்லுங்க.

தூத்தூர் ஆழக்கடல்:
கணக்கு வாத்தியாரு கரையிலேயே இருக்கட்டும்.

குளச்சல் பாய்மரம்:
ஸ்பின்னேக்கர் இல்லாம எதிர்க்காத்தில் போகும்போது மெயின்ஷீட்டை விடணுமா கூடாதா? அதுக்கு வாயைத் திறக்க மாட்டாரு.

நீரோடி கச்சான்:
அங்கே தாராளமா விடலாம். முதல்ல டவுன்ஹாலை (பாயைக் கீழே இழுக்கிற கயிறு) இறுக்கிப் பாயோட மேல்பாகத்தைத் தட்டையாக்கு, அப்புறம் ஷீட். தலைப்பை மறுபடி படியும்: ஸ்பின்னேக்கர் *ஏறியிருக்கும்போது*.

குளச்சல் பாய்மரம்:
டவுன்ஹால்னதும் ஞாபகம் வருது. மெயின்ஷீட் நுனியில் எட்டு வடிவ முடிச்சே வேண்டாம்னு போன மாசம் அடிச்சுப் பேசினது நீருதானே?

நீரோடி கச்சான்:
நான் சொன்னது ஸ்பின்னேக்கர் ஷீட்டுக்கு. மெயின்ஷீட்னு மாத்தினது உம்ம கைவேலை. பழைய பதிவை முழுசா எடுத்துப் போடும், பாதியை வெட்டாம.