புராக்சிக்குப் பதிலி: காட்சித் தொகுப்புக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கணினி வாங்குவது பற்றிய கேள்விக்கு, புராக்சி என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்தக் கலைச்சொல் இழையில் என்ன வேலை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். காட்சிகளைத் தொகுக்கும்போது மூலக் கோப்பின் இடத்தில் தற்காலிகமாக நிற்கும் சிறிய கோப்புதான் புராக்சி. இரண்டையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் விளங்காததால்தான் திருவொற்றியூர்த் தம்பி தேவையில்லாத செலவில் இறங்கவிருந்தார். அவர் எழுதியதை மறுபடியும் இடுகிறேன்.

> அண்ணா, எச்டி காட்சிகளைத் தொகுக்க வேண்டும். என் கணினியில் படம் நின்று நின்று ஓடுகிறது. ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் விசாரித்தால் பெரிய வரைகலை அட்டையாகப் போடச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? கேடன்லைவ் மென்பொருளில் புராக்சி என்று ஒரு வசதி இருக்கிறதே, அது எதற்கு?

தம்பி கூடவே ஒரு துணுக்கையும் அனுப்பியிருந்தார். ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, கடலுக்குப் போன விசைப்படகுகள் மீனோடு திரும்பிய விடியலில் காசிமேட்டில் எடுத்தது. கூடைகளில் வஞ்சிரம், சுற்றிலும் வியாபாரிகள், நடுவில் ஏலம் விடுபவர். அருமையாக எடுத்திருக்கிறார். அவருடைய கணினிக்கு ஈடான ஒன்றில், அதாவது நான்கு கோர் செயலியும் 8 ஜிபி நினைவகமும் உள்ள பெட்டியில், அதைத் திறந்து தொகுப்பு வரிசையில் வைத்தேன். ஏலம் விடுபவரின் குரல் தடையில்லாமல் ஓடுகிறது. படத்தில் அவர் கை மட்டும் உயர்ந்தபடியே நிற்கிறது. விலை ஏறி, மீன் கைமாறி, குரல் அடுத்த கூடைக்குப் போன பிறகுதான் கை கீழே இறங்குகிறது. பெட்டியின் விசிறி இரைகிறது. இந்த நிலையில் எந்த இடம் பார்த்து வெட்டுவது?

இதில் ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. கேமரா விநாடிக்கு 24 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு மணி நேரக் காட்சி 10.8 ஜிபிதான். பழைய டிஸ்க்கும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும். சிக்கல் சுருக்கும் முறையில் இருக்கிறது. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி முறையை அறிவித்தன. அது எச்.264 என்னும் கோடெக்கில், அதாவது காட்சியைச் சுருக்கி விரிக்கும் ஒரு முறையில், அமைந்தது. அதில் காட்சியின் தனித்தனிப் படமான பிரேம் எல்லாமே முழுப்படமாகப் பதிவாவதில்லை. ஒரு முழு பிரேம், அதன் பின்னால் வரும் பிரேம்களில் என்ன மாறியது என்ற குறிப்பு, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஒரு முழு பிரேம் என்று பதிவு போகிறது. பார்ப்பவருக்கு இதனால் இடையூறில்லை, காட்சி முன்னோக்கியே ஓடுகிறது. தொகுப்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. நடுவில் குதிப்பார், ஒரு பிரேம் பின்னால் போவார், நான்கு பிரேம் முன்னால் வருவார். ஒவ்வொரு முறையும் செயலி பழைய முழு பிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வந்து சேர வேண்டும். கை உயர்ந்தபடி நின்றது இதனால்தான்.

ஆகவே தம்பி, கடைக்குப் போகும் முன் உங்கள் கேமரா எந்தக் கோடெக்கில், எத்தனை பிட் ஆழத்தில் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாக) எழுதுகிறது என்று பாருங்கள். பட்டியல் அதற்குப் பிறகுதான். சாதாரண 8 பிட் எச்.264 என்றால் அதை விரித்துக் காட்டும் சுற்று இன்டெல் செயலிகளின் உள்ளிருக்கும் வரைகலைப் பகுதியிலேயே 2011 முதல் இருக்கிறது. மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்ததாக இருந்தால் போதும். மாதிரி எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கும் செயலியில் அந்த வரைகலைப் பகுதி வேலை செய்யாது. விலை சற்றுக் குறைவு என்பதற்காக அதைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265-இல், 10 பிட் 4:2:2 என்று நிற விவரத்தை அதிகம் தக்கவைத்து எழுதும் புதிய கேமரா என்றால் கதை வேறு. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் அதற்கு வன்பொருள் ஆதரவு இருக்கிறது. என்விடியா அட்டைகளில் 50 வரிசைக்கு முந்தையவற்றில் இல்லை. கடைக்காரர்கள் சொன்ன ‘பெரிய அட்டை’ பழைய வரிசையாக இருந்து, உங்கள் கேமராவும் அந்த வகையாக இருந்தால், பணம் போன பிறகும் ஏலக்காரரின் கை அப்படியே நிற்கும்.

எச்டிக்கு 16 ஜிபி நினைவகம் போதும். இயங்குதளத்துக்கும் நடப்பு வேலைக்கும் ஒரு எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளைச் சேர்த்து வைக்க ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க், மின்சாரம் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். கடற்கரைப் பக்கம் குடியிருப்பதால் பெட்டியை அடிக்கடி திறந்து துடைத்து வையுங்கள், உப்புக்காற்று முனைகளை அரிக்கும். மென்பொருளில் கேடன்லைவ் உங்களுக்குப் போதும், கட்டணமும் இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் நல்லது, நிறம் திருத்துவதில் கெட்டி. ஆனால் லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264 காட்சிகளைத் திறப்பதில்லை. நீங்கள் லினக்ஸ்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

இத்தனையும் வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் புராக்சியின் சிறப்பு. 1920×1080 காட்சி ஒவ்வொன்றுக்கும், எடுத்துக்காட்டாக 960×540 அளவில், ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக வைத்திருக்கும் எளிய கோடெக்கில், மென்பொருளே ஒரு துணைக்கோப்பு செய்துகொள்கிறது. புள்ளிகள் நான்கில் ஒன்று, பின்னால் போய்க் கணக்குப் போடும் வேலையும் செயலிக்கு இல்லை. வெட்டுவது, ஒட்டுவது, வரிசை மாற்றுவது எல்லாம் அந்தத் துணைக்கோப்பின் மேல் நடக்கும். கடைசியில் படத்தை வெளியிடும்போது கேமரா எழுதிய மூலக் காட்சி தன் இடத்துக்கு வந்துவிடும். தம்பியின் துணுக்குக்கு அதே பழைய பெட்டியில் ஒரு புராக்சி செய்து பார்த்தேன். குரலும் கையும் சேர்ந்தே போகின்றன, எந்த பிரேமில் கை இறங்கத் தொடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன். குழுவில் நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> தாழ்தரப்படி என்றே சொல்லலாம். பார்த்தவுடன் விளங்கும், யாரும் அதை இறுதிப்படம் என்று நினைத்துவிட மாட்டார்கள்.

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தரம் குறைவு என்பது இந்தக் கோப்பின் ஒரு தன்மை மட்டுமே. அதன் வேலை என்ன, மூலத்தோடு அதற்கு என்ன உறவு என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. தாழ்ந்தது என்று பெயர் வைத்தவுடன் தொழில் செய்பவர்கள் ஒதுங்குகிறார்கள். ‘வாடிக்கையாளருக்கு மட்டமாகக் கொடுப்பதா’ என்று கேட்டு, புதிய அட்டைக்குக் கடன் வாங்குகிறார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் திருமணப் படம் தொகுக்கும் சிலரிடம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

> பணிப்படி எப்படி? வேலைக்கான பிரதி என்ற பொருள் நேராக வருகிறதே.

ஐயா, இந்தச் சொல் எனக்கும் பிடித்தது. பிரதியைப் படி என்பது பழைய வழக்கு, சுவடிப் பதிப்பாளர்கள் இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் சம்பளச் சீட்டு வாங்கும் குடும்பங்களுக்குப் படி என்றால் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி. என் தெருவில் பணிப்படி என்று சொன்னால் மாதம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். சுவடி படிப்பவர்களைவிடச் சம்பளச் சீட்டு படிப்பவர்கள் அதிகம்.

நிழற்கோப்பு நிழற்படத்தோடு குழம்பும். பினாமிக் கோப்பு என்ற பரிந்துரையைப் பொருளளவில் தவறென்று சொல்ல முடியாது, ஆனால் மறைப்பும் மோசடியும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புராக்சி என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: கடைகளில் ‘புராக்சி போடு’ என்று வழங்குவது எனக்குத் தெரியும், அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதைக் கேட்கும் புதியவருக்கு அந்த ஒலியிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. தம்பியின் கேள்வியே சான்று.

என் பரிந்துரை பதிலி. வலையமைப்பில் பதிலி வழங்கி (புராக்சி சர்வர்) என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு காரணம் எங்கள் வடசென்னையோடு சேர்ந்தது. பஞ்சாலைகளில் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய தறியில் நிற்பவரைப் பதிலித் தொழிலாளி என்பார்கள். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த ஊர் இது. ஆலை மூடிய பிறகும் சொல் பெரியவர்களின் பேச்சில் இருக்கிறது. பதிலி வேலை செய்வார், நிரந்தரக்காரர் திரும்பி வந்தால் தறி அவருடையது. நம் கோப்பும் அப்படியே நடந்துகொள்கிறது: தொகுப்பு முடியும் வரை நிற்கிறது, வெளியீட்டின்போது மூலத்துக்கு இடம் விடுகிறது. பதிலீடு என்றால் இந்தப் பொருள் வராது. இறக்குமதிப் பதிலீடு என்பதுபோல அது ஒன்றை நீக்கி இன்னொன்றை வைத்துவிடுவது.

> பதில் என்பதே அரபு வழி வந்த சொல். அதை வைத்துத் தமிழ்க் கலைச்சொல் ஆக்குவது முறையா?

முறைதான் என்பது என் உறுதியான எண்ணம். வேர் வெளியிலிருந்து வந்தது என்பதை மறுக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதுகிறோம், அவருக்குப் பதிலாக இவர் வந்தார் என்கிறோம், குழந்தைகூடப் பதில் சொல் என்கிறது. தமிழ் ஈறு ஏற்று, வேற்றுமை ஏற்று, நம் வாயில் தேய்ந்து பழகிய சொல் அது. பழகிய ஒன்றைத் தள்ளிவிட்டு யாருக்கும் பழகாத தூய சொல்லைக் கொண்டுவந்தால், தொகுப்பு மேசையில் இருப்பவர் இரண்டையும் விட்டுவிட்டுப் புராக்சிக்கே திரும்புவார். பட்டியலில் கருத்தாக எழுதிவைக்கும் சொல்லும் விரல் நோக வேலை செய்பவர் எடுத்துக்கொள்ளும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சொல் மற்ற வடிவங்களுக்கும் இணங்குகிறதா என்று பார்த்தேன். பதிலியில் வெட்டினேன், பதிலிகளை அழித்துவிடு, பதிலியாக்கம் நடக்கிறது, பதிலி இணைக்கப்படவில்லை. எதிலும் நாக்கு இடறவில்லை. மென்பொருளின் பொத்தானிலும் மூன்றெழுத்தில் அடங்குகிறது. எதிர்ச்சொல்லாக மூலக்காட்சி நிற்கட்டும். கோடெக்கை அப்படியே வைத்துக்கொள்வோம், அதற்கு இப்போது அவசரமில்லை.

ஓர் இடத்தில் மட்டும் அம்மாவின் எச்சரிக்கையை ஏற்கிறேன். கேடன்லைவிலும் வேறு மென்பொருள்களிலும் வெளியீட்டுப் பக்கத்தில் புராக்சியைக் கொண்டே படத்தை எழுதச் சொல்லும் ஒரு தெரிவு இருக்கிறது. விரைவாகச் சரிபார்க்க அது உதவும். அதைத் தெரியாமல் குறித்துவிட்டால் வாடிக்கையாளர் கைக்குப் போவது 540 வரிப் படம். அப்படிப் போன ஒரு திருமணப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். கூறைப்புடவையின் ஜரிகைக் கரை, இழை தெரியாமல், மஞ்சள் பட்டையாகக் கலங்கியிருந்தது. பெண்ணின் தாயார் திரைக்கு அருகில் போய்ப் போய்ப் பார்த்தார். மூலக் காட்சிகள் அழிக்கப்படாமல் இருந்ததால் மறுபடி எழுதிக் கொடுக்க முடிந்தது. ஆகவே அந்த இடத்தில் பதிலி என்ற சொல் மட்டும் போதாது, விளக்கமும் வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இடுவதற்கு என் வரைவு இது:

பதிலிகளை உருவாக்கு
பதிலிகளை நீக்கு, மூலக்காட்சிகள் அழியாது
பதிலியைக் காட்டு / மூலக்காட்சியைக் காட்டு
பதிலிகளைக் கொண்டே வெளியிடு, படத்தின் தெளிவு குறையும்

நான்காவது வரி நீளம் என்று தெரியும். பொத்தானில் இடமில்லை என்றால் காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளதைக் குறிப்புப் பெட்டிக்கு மாற்றலாம், நீக்கக் கூடாது. ஐயாவும் அம்மாவும் இந்த நான்கையும் பார்த்துச் சொல்லுங்கள். தம்பி, உங்கள் கேமராவின் மாதிரி எண்ணை எழுதுங்கள், எந்தக் கோடெக் என்று பார்த்துவிட்டு ரிச்சி தெருவுக்குச் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து